முதல் வாசகி

அந்தப் புஸ்தகத்தை மூடி வச்சிருங்க தம்பி. கண்ணுல மருந்து ஊத்திட்டாங்கல்ல, இனி சாயங்காலம் வரைக்கும் எழுத்தெல்லாம் கலங்கித்தான் தெரியும். அரை மணி நேரம் கண்ணை மூடி உக்காரணும்னு சிஸ்டர் சொல்லிட்டுத்தான் போயிருக்கு, பாத்தா ஏசும். எனக்கும் அதே மருந்துதான். உங்க கையில இருக்கிறது மாத நாவல்னு அளவை வச்சுச் சொல்றேன், பேரு தெரியல. துப்பறியும் கதைதானே? அட்டையில செகப்பு நெறைய இருக்கு.

எனக்கு நாளைக்கு ஆபரேஷன், வலது கண்ணு. துணைக்கு ஒரு ஆள் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் இன்னைக்கு அட்மிட் பண்ணுவாங்களாம். ஆள் இல்லாம ஏற்கெனவே ரெண்டு தடவை திரும்பிப் போயிட்டேன். இன்னைக்கு ஆள் வருது. என் சம்சாரம், சண்முகவடிவு. கழுகுமலையிலேர்ந்து காலைப் பஸ் ஏறியாச்சு. இருபத்தாறு வருஷம் கழிச்சு என்கிட்ட வாரா தம்பி. அதான் ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் திரும்பிப் பாக்கேன், தப்பா நினைக்காதீங்க.

ஏன் பிரிஞ்சீங்கன்னு நீங்க கேக்கல. கேட்டா சொல்லியிருப்பேன், எனக்கு ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு. ஒரு பென்சில் கோடு, அதுக்காகப் போனா. நான் குடிக்க மாட்டேன். கை நீட்டினதில்ல. வீட்டுக்குள்ள சத்தமா ஒரு வார்த்தை பேசினவன் இல்ல. ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, கோமதிநாயகம் எப்படின்னு. நல்ல மனுஷன்னுதான் சொல்லுவாங்க.

சங்கரன்கோவில்ல வீட்டு முன்னறையிலதான் கடை. கோமதி வாடகை நூல் நிலையம். வார இதழ், குடும்ப நாவல், சரித்திரக் கதை எல்லாம் உண்டு. ஆனா கடை ஓடினது துப்பறியும் கதையாலதான். மாசம் பொறந்தா பஸ் ஸ்டாண்டுல புதுப் புஸ்தகக் கட்டு வந்து இறங்கும், நானே சைக்கிள்ல போயி எடுத்துட்டு வருவேன். அதை அப்படியே வாடகைக்கு விட முடியாது பாத்துக்கங்க. அச்சாபீஸ்காரன் அடிச்ச பின்னு ஒரு வாரம் தாங்காது, தாள் தாளா வந்துரும். பின்னைக் கழட்டிட்டு, ஓரத்துல பென்சிலால அளவு குறிச்சு, குத்தூசியால மூணு துளை போட்டு, நூல் கோத்துத் தைக்கணும். மேல காக்கித் தாள் அட்டை. அப்படிச் செஞ்சா ஒரு புஸ்தகம் முந்நூறு கை மாறினாலும் அசையாது. அது வடிவு வேலை. கட்டு வந்தா ரெண்டு நாள் உள்ளேயே உக்காந்து தைப்பா. நல்ல கை அவளுக்கு.

படிப்பு கிடையாது. ஏதோ மூணாங் கிளாஸோ நாலாங் கிளாஸோ. அவ வீட்டுலேர்ந்து கடுதாசி வந்தா நான்தான் படிச்சுச் சொல்லுவேன். கடைக்கு வர்றவங்க கேலியாக் கேப்பாங்க, அக்கா எல்லாக் கதையும் உங்க கை வழியாத்தானே போகுது, எது நல்லாருக்குன்னு. நான் சிரிச்சுக்கிட்டே சொல்லுவேன், அவளுக்கு எல்லாப் புஸ்தகமும் மூணு துளைதான்னு. அவளும் சிரிப்பா.

அந்த வருஷம் மாசியில அவ அம்மாவுக்கு முடியாமப் போச்சு. அவ பொறந்த ஊரு ஏரல்லேர்ந்து கடுதாசி வந்துச்சு, வடிவை உடனே அனுப்புங்கன்னு. அன்னைக்குன்னு பாத்துக் கட்டு வந்து இறங்கியிருக்கு, வெளியில ஆளு காத்துக்கிட்டு நிக்கான். சொன்னா அழுதுக்கிட்டே கிளம்பிருவா. தைச்சு முடிக்கட்டும், ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லலாம்னு கடுதாசியைக் கடை வாடகை ரெஜிஸ்தர்ல சொருகி வச்சேன். ரெண்டு நாள் எட்டு நாளாயிருச்சு. ஒன்பதாம் நாள் தந்தி வந்துருச்சு.

போனோம். முன்னாடி நின்னு எல்லாக் காரியமும் நான்தான் பாத்தேன். பந்தல்லேர்ந்து பதினாறாம் நாள் சாப்பாடு வரைக்கும் என் பொறுப்பு. அவ அண்ணன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான், மாப்பிள்ளை மாதிரி ஒரு மனுஷன் கிடைக்காதுன்னு. கடுதாசி தபால்ல சிக்கிருச்சு போலன்னு சொல்லிட்டேன். அந்த நேரத்துல எதுக்கு மனசைக் கஷ்டப்படுத்தணும்?

பெறகு ஒரு நாள் அட்டை போடப் பழைய தாள் தேடினவ கையில அந்தக் கடுதாசி சிக்கிருச்சு. அதை வச்சுப் பாத்துக்கிட்டே நின்னா. முன்னாடி பாக்குறா, திருப்பி முத்திரை குத்தின பக்கத்தைப் பாக்குறா. நான் போயி மெதுவா வாங்கி வச்சுக்கிட்டேன். ஒரு வார்த்தை கேக்கல தம்பி. அவ குணம் அப்படி. படிக்கத் தெரியாதவளுக்கு அதுல என்ன தெரியப் போகுதுன்னு நானும் விட்டுட்டேன்.

அது பங்குனி. சித்திரையில அந்தக் கோடு ஆரம்பிச்சுச்சு.

என்ன கோடுன்னா, துப்பறியும் கதையில ஒருத்தன் நல்லவனாவே வருவான் பாருங்க. குடும்ப டாக்டரா இருப்பான், இல்ல வக்கீலா இருப்பான். எழவு வீட்டுல அவன்தான் எல்லாருக்கும் ஆறுதல் சொல்லுவான். கடைசிப் பத்துப் பக்கத்துல பாத்தா அவன்தான் கொன்னிருப்பான். அதுக்குத்தானே ஆளு காசு கொடுத்துப் படிக்கிறான். நம்ம கடைப் புஸ்தகத்துல அவன் முதமுதல்ல வர்ற எடத்துலயே, அவன் பேருக்கு அடியில மெல்லிசா ஒரு பென்சில் கோடு. வேற எங்கயும் ஒரு கிறுக்கல் இருக்காது. டாக்டர் மனோகரன் சிரித்தபடி உள்ளே வந்தார்னு இருக்கும், மனோகரனுக்கு அடியில கோடு.

முதல் மாசம் யாரும் கண்டுக்கல. ரெண்டாவது மாசம் தாலுகா ஆபீஸ்காரர் ஒருத்தர் வந்து, எவனோ கோடு போட்டுக் கதையைக் கெடுக்கான் ஓய்னு சொன்னாரு. மூணாவது மாசம் ஊருக்கே தெரிஞ்சு போச்சு. வர்றவன் புஸ்தகத்தை வாங்கி அங்கேயே நின்னு புரட்டுறான், கோட்டைக் கண்டுபிடிக்கான், ஓ சித்தப்பாதானான்னு சொல்லி வச்சுட்டுப் போறான். அழிச்சுப் பாத்தேன். அழிச்ச எடம் இன்னும் பளிச்சுன்னு தெரியுது. ஆளு குறைய ஆரம்பிச்சுருச்சு.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. அத்தனை துப்பறியும் கதை படிச்சவன் நான், இதைக் கண்டுபிடிக்க மாட்டேனா? ரெஜிஸ்தரை எடுத்து வச்சு உக்காந்தேன். கோடு விழுந்த புஸ்தகம் நாலு. ஒவ்வொண்ணையும் முதல்ல எடுத்துட்டுப் போனது யாரு? நாலையும் முதல்ல எடுத்தது ஒரே ஆளு. ஆவுடை.

ஆவுடை கார்டு அண்ணாச்சி வீட்டு மருமக. மாமனார் ரயில்வேயில கார்டா இருந்து ஓய்வு வாங்கினவர், எங்க தெருவுலேர்ந்து ரெண்டு தெரு தள்ளி. புருஷன் பட்டாளத்துல, வடக்க எங்கயோ. அந்தப் பிள்ளைக்கு வெளியில வர அனுமதி ரெண்டு எடத்துக்குத்தான், கோயிலுக்கும் என் கடைக்கும். புதுப் புஸ்தகம் வந்தா முதல் ஆளா வந்து நிக்கும். முதல் வாசகி வந்தாச்சுன்னு நானே கிண்டல் பண்ணுவேன்.

சனிக்கிழமை, கடையில நாலஞ்சு பேர் இருக்கும்போது கேட்டுட்டேன். சும்மா கேட்டிருந்தாப் போதும், கொஞ்சம் சத்தமாக் கேட்டுட்டேன். அந்தப் பிள்ளை முகம் வெளுத்துப் போச்சு.

"அண்ணாச்சி, நான் போடல. என் கைக்கு வரும்போதே கோடு இருந்துச்சு."

"உனக்கு முன்னாடி இதை யாரு தொட்டா? ரெஜிஸ்தர்ல முதல் பேரே உன் பேருதானம்மா."

உள்வாசல்ல வடிவு தைக்கிற புஸ்தகத்தோட நின்னுக்கிட்டிருந்தா. நான் அவளைப் பாத்தேன். ஆனா அவளை ஒரு ஆளா நான் கணக்குல எடுக்கல பாருங்க. கடையில எந்தப் புஸ்தகமும் அவ கையில ரெண்டு நாள் இருந்துட்டுத்தான் வெளிய வருதுங்கிறது எனக்குத் தோணவே இல்ல.

இனி வராதேன்னு சொல்லி அனுப்பிட்டேன். அத்தோட முடிஞ்சதுன்னு நினைச்சேன். மறுநாள் கார்டு அண்ணாச்சி வந்து, அந்த நாலு புஸ்தகத்தையும் காட்டுமய்யான்னாரு. காட்டினேன். மனோகரன், சாரங்கன், இன்னும் ரெண்டு பேரு. எல்லாம் ஆம்பளைப் பேரு. அவரு கதை படிக்கிறவர் இல்ல. புருஷன் பட்டாளத்துல இருக்கும்போது இவ ஆம்பளைப் பேருக்கு அடியில கோடு போட்டு யாருக்கு சேதி அனுப்புறான்னு அவருக்குத் தோணிருச்சு. அதெல்லாம் கதையில வர்ற வில்லன் அண்ணாச்சின்னு நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். அவரு முகத்தைப் பாத்துட்டு, அடுத்தவங்க குடும்ப விஷயம் நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன். ஒரு வாரத்துல ஆவுடையைப் பொறந்த ஊருக்கு, கழுகுமலைக்கு அனுப்பிட்டாங்க. மகனுக்கும் எழுதிப் போட்டுட்டாரு.

அது தெரிஞ்ச அன்னைக்கு வடிவு ரெண்டு வேளையும் சாப்பிடல. என்னன்னு கேட்டேன். கோடு போட்டது நான்தான்னா.

எனக்கு முதல்ல புரியல. நீ எப்படிடீ போடுவேன்னேன். படிச்சுட்டுத்தான்னா. முழுக் கதையும் படிச்சு, அவன் யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு, திரும்பி முன்னாடி வந்து அவன் பேருக்குக் கோடு போடுவாளாம். துளைக்கு அளவு குறிக்கிற பென்சிலாலதான். நீ படிக்க எப்பக் கத்துக்கிட்டேன்னு கேட்டேன். உங்க புஸ்தகத்தைத் தைச்சுத் தைச்சுத்தான்னா. பன்னெண்டு வருஷம் தம்பி. ஒரே வீட்டுல என்கூட இருந்துக்கிட்டே மறைச்சிருக்கா. கதையில வர்ற வில்லன்கூட அவ்வளவு சாமர்த்தியமா மறைக்க மாட்டான்.

எதுக்குடி போட்டேன்னேன். அவ சொன்னது எனக்கு இன்னும் அப்படியே நினைப்பிருக்கு.

"அந்த வீட்டுப் பொம்பளை கடைசி வரைக்கும் அவனைத்தான் நம்புறா. அவகிட்ட சொல்ல ஒருத்தர் கிடையாது. படிக்கிறவளுக்காவது முதல்லயே தெரிஞ்சிரட்டுமேன்னு போட்டேன்."

கதைதானடின்னேன். கார்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போயி உண்மையைச் சொல்லிட்டு வாங்கன்னா. எனக்கும் அந்தப் பிள்ளை மேல இரக்கம் இல்லாம இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க. சொந்தப் பொண்டாட்டியே கடைப் புஸ்தகத்தைக் கெடுத்தான்னு தெரிஞ்சா எனக்கு ஊர்ல என்ன மரியாதை? ஆவுடையைப் பேசின வாயி நாளைக்கு இவளையும் பேசாதா? இவளைக் காப்பாத்தத்தானே நான் யோசிச்சேன்? ஆடித்தபசுத் திருவிழா முடியட்டும், ஊர்க் கூட்டம் கலையட்டும், போறேன்னேன். தபசு முடிஞ்சு கேட்டா. ஆவணி பொறக்கட்டும்னேன். ஆவணியில கேட்டா. அவரு மகன் லீவுல வாரானாம், வரட்டும்னேன்.

நாலாவது தடவை கேக்கல. ஒரு காலையில அவளே போயிட்டா. கொஞ்ச நேரத்துல கார்டு அண்ணாச்சி அவளைக் கூட்டிக்கிட்டுக் கடை வாசல்ல வந்து நிக்காரு. கடையில ஆளு இருக்கு.

"கோமதிநாயகம், ஒம்ம சம்சாரம் என்னமோ சொல்லுதா. கோட்டை இவதான் போட்டாளாம். இவளுக்குப் படிக்கத் தெரியுமாவே?"

வடிவு என்னையே பாத்துக்கிட்டு நின்னா. யோசிக்க நேரம் கொடுத்திருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேனோ என்னமோ. வாய்ல வந்தது இதுதான்.

"அவளுக்கு ஏது அண்ணாச்சி படிப்பு. அந்தப் பிள்ளை மேல இரக்கப்பட்டுச் சொல்லுதா."

வடிவு அலமாரியிலேர்ந்து ஒரு புஸ்தகத்தை எடுத்துப் பிரிச்சா. படிச்சுக் காட்டப் போறான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. கையிலேர்ந்து வாங்கி வச்சுட்டேன். பிடுங்கல, சும்மா வாங்கி வச்சேன். உள்ள போம்மான்னு மெதுவாத்தான் சொன்னேன். நானும் அதான் நினைச்சேன்னு சொல்லிட்டு அண்ணாச்சி போயிட்டாரு.

அன்னைக்குத் தைக்க மூணு புஸ்தகம் பாக்கி இருந்துச்சு. மூணையும் தைச்சு முடிச்சா. சோறு வடிச்சு, குழம்பு வச்சு மூடினா. ரெண்டு மணிக்குக் கழுகுமலை பஸ் ஏறிட்டா. ஆவுடை வீட்டுல போயி அவ அப்பா அம்மாகிட்ட நடந்ததைச் சொல்லியிருக்கா. அவங்க நம்பினாங்க. பெத்தவங்க நம்புனா ஆச்சா, புருஷன் நம்பணும்ல. அவன் லீவுல வந்து, பாக்காமலே போயிட்டான். பெறகு வேற கல்யாணம் பண்ணிக்கிட்டான். வடிவு அங்கேயே ஒரு அச்சாபீஸ்ல பைண்டிங் வேலைக்குச் சேந்து, ஆவுடை வீட்டுக்கு எதிர்லயே ஒரு அறை எடுத்துக்கிட்டா. கோவம் தணிஞ்சா வந்துருவான்னுதான் இருந்தேன். ரெண்டு வருஷம் அவ சேலையைக் கொடியிலேர்ந்து எடுக்கல நான்.

கடையைப் பத்தி விடுங்க. கண்ணு மங்க ஆரம்பிச்ச பெறகுதான் பயம் வந்துச்சு. போன மாசம் நம்பர் விசாரிச்சுப் போன் பண்ணினேன். நான்தான் பேசுதேன்னேன். கண்ணு விஷயத்தைச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"கார்டு அண்ணாச்சி இருக்காகளா?"

"இருக்காரு. படுக்கையிலதான். நினைவு நல்லாருக்கு."

"அவுககிட்ட போயி, என் பொண்டாட்டிக்குப் படிக்கத் தெரியும், கோடு போட்டது அவதான், ஆவுடை இல்லன்னு சொல்லுங்க. சொன்ன அன்னைக்கே நான் வாரேன்."

வேற எதுவும் கேக்கல தம்பி. அதை மட்டுந்தான் கேட்டா. ரெண்டு தெரு. நடந்தா அஞ்சு நிமிஷம். போனேன். முதல் தடவை அவரு பேத்தி வீட்டு ஆளுங்க வந்திருந்தாங்க, அத்தனை பேரு முன்னாடி எப்படிப் பேச? ரெண்டாவது தடவை தனியாத்தான் படுத்திருந்தாரு. என்னைப் பாத்ததும் வாரும்யான்னாரு. கட்டில் பக்கத்துல உக்காந்தேன். கால்ல வீக்கம் இருக்குன்னாரு. ஆமா அண்ணாச்சின்னேன். அரை மணி நேரம் கால் வீக்கத்தைப் பத்தியே பேசிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். பயந்தான், வேற ஒண்ணுமில்ல. எழுபத்தி நாலு வயசுல யாருக்குப் பயம்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை அவரு போயிட்டாரு. மாலை வாங்கிட்டுப் போயிருந்தேன். முன்னாடி நின்னு பாடை கட்டுற வேலையெல்லாம் பாத்துக் கொடுத்தேன், அவங்க வீட்டுல ஆம்பளை ஆளு குறைவு.

ஞாயித்துக்கிழமை வடிவுக்குப் போன் பண்ணினேன். அவரு போயிட்டாருன்னு சொன்னேன். சொன்னீங்களான்னு கேட்டா. நான் என்ன செய்ய? இல்லன்னா இந்த ஜென்மத்துல வர மாட்டா. இனிமே சொல்ல ஆளும் இல்ல. வியாழக்கிழமை போயிச் சொல்லிட்டேன்னேன்.

அழுதா தம்பி. அம்மா செத்தப்பகூட நான் அப்படி ஒரு அழுகையைக் கேக்கல. அவுக என்ன சொன்னாகன்னு கேட்டா. அந்தப் பிள்ளைக்குப் பெரிய பாவம் பண்ணிட்டேனேன்னு சொன்னாருன்னேன். எனக்கே எங்கேர்ந்து வந்துச்சோ தெரியல. நான் சொன்னதுல தப்பில்லையே? உசுரோட இருந்து கேட்டிருந்தா அவரு அப்படித்தான் சொல்லியிருப்பாரு. செத்த மனுஷருக்கு ஒரு நல்ல பேரு, ரெண்டு பொம்பளைங்களுக்கு மனசு ஆறுதல், இதுல யாருக்கு என்ன நஷ்டம்?

ஒண்ணுதான் நான் எதிர்பாக்கல. ஆவுடையையும் கூட்டிட்டு வாரேன்னு சொல்லிட்டா. அவ இருபத்தாறு வருஷமா அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருக்கா, உங்க வாயாலயே சொல்லுங்கன்னா.

சிஸ்டர், என்னையா கூப்பிட்டீங்க? கோமதிநாயகம் நான்தான். துணைக்கு ஆளு... அங்க வர்றது யாரு, ரெண்டு பேரு மாதிரித் தெரியுதே. வடிவு? இந்தா, இங்கதான் இருக்கேன், இந்தப் பெஞ்சுல. மருந்து ஊத்தியிருக்கு, முகம் தெரியல. நரைச்சிருச்சோ உனக்கும்? உக்காரு. கையெழுத்துப் போடணுமாம், சிஸ்டர் பேப்பரைக் கொடுக்கும். படிச்சுப் பாத்தே போடு, அவசரமில்ல.

பக்கத்துல ஆவுடையாம்மா? நில்லாதே, இப்படி உக்காரு. அழாதேம்மா. ஆமா, சொன்னேன். வியாழக்கிழமைதான், நல்ல நினைவோட இருந்தாரு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அந்தப் பிள்ளை மேல ஒரு தப்பும் இல்லன்னு அவரு வாயாலயே சொன்னாரு. இந்தத் தம்பிகிட்ட வேணும்னாலும் கேளு, இப்பத்தான் எல்லாத்தையும் சொல்லிக்கிட்டிருந்தேன்.